பிழையான விடைகளின் கொப்பி

சில வாரங்களுக்கு முன்னர், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தேநீர் வருவதற்கிடையில் அவர் அலுமாரியைத் திறந்து, மட்டை கிழிந்த பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் கையில் தந்தார். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையான வகுப்புகளிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தவர் அவர். மாணவர்கள் விடைத்தாள்களில் எழுதியவற்றிலும் வகுப்பில் கூறியவற்றிலும் தம்மைச் சிரிக்கவைத்தவற்றை அன்றன்றே அதில் குறித்து வைத்திருக்கிறார். தேநீர் ஆறிப்போகும் வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

'இறந்தகாலம்' என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டதற்கு ஒரு மாணவி 'பிறந்தகாலம்' என்று எழுதியிருக்கிறாள். நீர் எப்போது ஆவியாகும் என்ற வினாவுக்கு, 'நீர் செத்த பிறகு' என்பது ஒருவனின் விடை. தந்தையின் கையெழுத்தோடு வந்த ஒரு லீவுக் கடிதம், 'மகனுக்கு இன்று காய்ச்சல், நாளையும் காய்ச்சல், நாளைமறுதினம் சுகமாகிவிடும்' என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கைத்தொலைபேசி வழியாகப் பாடம் நடந்த காலத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. "நான் கதைக்கிறது கேட்குதா?" என்று ஆசிரியர் கேட்க, "இல்லை சேர்" என்று உடனேயே பதில் வந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வரலாற்றுப் பாடத்தில் நடந்த ஒன்று. "1505 இல் போர்த்துக்கேயர் ஏன் இலங்கைக்கு வந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். கறுவா, வர்த்தகம், மதம் என்று வகுப்பு எதிர்பார்த்திருக்க, கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "காற்றடிச்சது சேர்" என்றானாம். வகுப்பே வெடித்துச் சிரித்தது. ஆனால் லொறன்சோ டி அல்மேதாவின் கப்பல்கள் காற்றினால் திசைமாறியே இலங்கைக் கரையை அடைந்தன என்றுதான் பாடநூலும் சொல்கிறது. சிரித்தவர்கள் பாடத்தைப் படித்திருக்கவில்லை. சிரிப்புக்கு இலக்கானவன் படித்திருந்தான்.

இந்தப் பருவத்துப் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் இவ்வளவு சிரிப்பு என்று நண்பரிடம் கேட்டேன். "அவர்களுக்குத்தானே இந்த நாட்டில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கிறது" என்றார். யோசித்துப் பார்த்தால் அது உண்மையே. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை. பதினோராம் தரத்தில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் தேசியமட்டப் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை புள்ளிக்காகப் பெற்றோரின் முகத்தைப் பார்க்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை ரியூட்டரி முடிந்து களைத்துப்போய் வீடு திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரர்தான் மனதில் பட்டதைச் சொல்லிப் பார்க்கிறார்கள். சிறுவர் என்றால் கோபம் வரும், பெரியவர் என்றால் பயம் வரும் வயது அது. தமக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு தெரியாத உலகத்தை அளந்துபார்க்கும் வயதும் அதுதான்.

ஆகவேதான் அவர்களுடைய பிழைகளிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இறப்புக்கு எதிர் பிறப்பு என்பது தெரியாத பிள்ளையால் 'பிறந்தகாலம்' என்று எழுத முடியாது. ஆவி என்ற சொல்லைச் செத்தவீட்டுக் கதைகளில் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, விஞ்ஞானப் பாடத்திலும் அந்தக் கதையைத்தான் தேடும். அவ்விடையைக் குறித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நண்பர் சிவப்பு மையினால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'அடுத்த முறை புட்டுப்பானையிலிருந்து தொடங்குக.' கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கமெல்லாம் பிள்ளைகளின் பிழை. வலப்பக்கமெல்லாம் ஆசிரியரின் திருத்தம், அதாவது தமது கற்பித்தலுக்கு அவரே இட்டுக்கொண்ட திருத்தம். கொப்பியில் எந்தவொரு மாணவரின் பெயரும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பெயரை எழுதினால் அது பிள்ளையைப் பற்றிய பகிடியாகிவிடும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. அதற்குக் காரணம் இருக்கிறது.

பத்திரிகைத் துறைக்கு வருவதற்கு முன்னர், கலைப்பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில், வன்னியில் ஒரு பாடசாலையில் ஏறத்தாழ ஒன்றரை வருடம் தொண்டர் ஆசிரியராக இருந்தேன். அது 1997, 1998 ஆம் ஆண்டுகளில். யுத்தத்தினால் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் வகுப்பில் பாதிக்கு மேல். கிடுகுக் கொட்டகை, கால் ஆடும் மேசை, கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படும் வெண்கட்டி. ஆயினும் சிரிப்புக்குக் குறைவிருக்கவில்லை. மழை பெய்து கூரை ஒழுகினால், நனையாத இடத்தைப் பிடிப்பதில் நடக்கும் போட்டியே ஒரு பாடவேளையை விழுங்கிவிடும்.

ஒன்பதாம் ஆண்டுக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்தேன். தொகைநிலைத் தொடர்கள் ஆறையும் நடத்தி முடித்துவிட்டு ஒரு சிறு பரீட்சை வைத்தேன். ஒரு மாணவனின் விடை இப்படி இருந்தது: 'வினைத்தொகை என்பது செய்த வேலைக்குக் கொடுக்கும் தொகை. பண்புத்தொகை என்பது நல்ல மனிதர் கேட்காமலே கொடுக்கும் தொகை. வேற்றுமைத்தொகை என்பது ஒரே வேலைக்கு ஆளுக்கு ஆள் வித்தியாசமாகக் கொடுக்கும் தொகை.'

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வகுப்புக்குச் சென்றதும் அவனுடைய பெயரைச் சொல்லி, எழுந்து நிற்கச் செய்து, விடையை உரக்க வாசித்தேன். வகுப்பு சிரித்தது. நான் அதைவிடச் சிரித்தேன். அவனும் சிரித்தான் என்றுதான் அன்று நினைத்தேன். அதன் பின்னர் பல நாள்களுக்கு அவனுக்குப் 'பண்புத்தொகை' என்பதே பட்டப்பெயர். அதுவரை ஒவ்வொரு கேள்விக்கும் கையுயர்த்திக்கொண்டிருந்தவன், பிறகு கையுயர்த்தவேயில்லை. பாடத்தில் அக்கறை குறைந்துவிட்டது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்.

அரிவி வெட்டுக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, வயல் வரம்பொன்றில் அவனது தாயார் என்னை மறித்தார். மகன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகத் தமது பாட்டையும் சொன்னார். "ஒரே வயல், ஒரே வெட்டு சேர். என்ர தம்பிக்கு ஒரு காசு, எனக்கு ஒரு காசு. சனி ஞாயிறிலை இவனும் வாறவன், இவனுக்கு இன்னொரு காசு." சற்றுத் தள்ளி, அரிவாளுடன் குனிந்து நின்ற மகன் என்னைக் கண்டும் நிமிரவில்லை.

தொகை என்றால் ஒன்று மறைந்து நிற்பது என்று கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். அவனுடைய விடையில் மறைந்து நின்றதை நான் காணவில்லை. இலக்கணத்தில் அது பிழையான விடை, சந்தேகமில்லை. ஆனால் அந்த வகுப்பில் தன் வீட்டுக்கதையை நம்பி என்னிடம் எழுதித் தந்தவன் அவன் ஒருவனே. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாள்களைக் கடத்தினேன். அடுத்த இடப்பெயர்வு வந்தது. அந்தக் குடும்பமும் எங்கோ போய்விட்டது. அவனுடைய பெயரை இங்கு எழுதாமல் விடுவது மட்டுமே இன்று என்னால் செய்யக்கூடியது.

மாணவரைப் பிரம்பால் அடிப்பது இன்று பெரும் விவாதத்துக்குரிய விடயம். கல்வியமைச்சின் 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. மாணவர் ஒருவரை ஆசிரியர் கன்னத்தில் அறைந்தது தொடர்பான வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என உச்ச நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. இவை வரவேற்கப்பட வேண்டியவை. ஆனால் பிரம்பைக் கீழே வைத்த பின்னரும் நம்மிடம் இன்னோர் ஆயுதம் இருக்கிறது. அதற்குத் தழும்பு இல்லை, சாட்சி இல்லை. சிரிப்பைச் சுற்றறிக்கையால் அளந்து கட்டுப்படுத்தவும் முடியாது.

அதற்காக ஆசிரியர் சிரிக்கவே கூடாது என்று நான் கூறவரவில்லை. சிரிக்காத ஆசிரியரின் வகுப்பில் ஒருவரும் பிழைவிடத் துணியமாட்டார்கள். பிழைவிடத் துணியாத பிள்ளை கேள்வியும் கேட்காது. நாற்பது பிள்ளைகளின் சத்தத்தையும் அதிகாரிகளின் படிவங்களையும் தாங்கிக்கொண்டு ஓர் ஆசிரியர் மறுநாளும் வகுப்புக்குப் போவதற்கு இந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: சிரித்து முடிந்த பின் அந்தப் பிள்ளை மீண்டும் கையுயர்த்துகிறதா?

போர்த்துக்கேயரைக் காற்று கொண்டுவந்தது என்று சொன்ன மாணவனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நண்பரிடம் கேட்டேன். வகுப்பு சிரித்து ஓயும் வரை காத்திருந்து, பாடநூலின் அந்தப் பக்கத்தைத் திறந்து, சிரித்தவர்களில் ஒருவரைக் கொண்டே உரக்க வாசிப்பித்தாராம். கடைசி வாங்குக்காரன் அந்தத் தவணை முழுவதும் வரலாற்றுப் பாடத்தில் கையை இறக்கவேயில்லையாம். "பாதி பிழையான விடைதான்" என்றார் நண்பர், கொப்பியை வாங்கி அலுமாரியில் வைத்துக்கொண்டே.