ஒன்றே ஒன்றுதானே!

"நாம் என்ன தோழரே, பெட்டி பெட்டியாகவா ஊதித் தள்ளுகிறோம்? எப்போதாவது ஒன்று! தேநீரோடு ஒன்று! அதற்குப் போய் இவ்வளவு பெரிய உபதேசமா?"

இந்தக் கேள்வி ஒலிக்காத தேநீர்க்கடை உண்டா? ஆலை வாயிலில் கேட்கிறோம். பேருந்து நிலையத்தில் கேட்கிறோம். படிப்பகத்து வாசலில், பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தீப்பெட்டி தேடும் தோழரிடமிருந்தும் கேட்கிறோம். கேட்பவர் கெட்டவர் அல்லர். குடும்பத்தை மறந்தவர் அல்லர். காலையில் எழுந்து ஓடுகிறவர், தண்டால் எடுக்கிறவர், மாலையில் சடுகுடு ஆடுகிறவர். "உடற்பயிற்சிதான் செய்கிறேனே, ஒன்று பிடித்தால் என்ன?" என்பது அவர் வாதம். அந்த வாதத்தை இன்று எடைபோட்டுப் பார்ப்போம்.

அண்மையில் ஓர் இளைஞர் நம்மைக் காண வந்தார். தேக்கில் கடைந்தெடுத்தது போன்ற உடல்; ஆனால் முகத்தில் ஒளி இல்லை. காவலர் தேர்வுக்குச் சென்றவர். எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டார். அடுத்தது ஓட்டம். 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். மூன்று சுற்று முன்னணியில் ஓடியவர், கடைசிச் சுற்றில் மூச்சு முட்டி, நெஞ்சு எரிந்து, சில நொடிகள் பிந்தினார். சில நொடிகள்தாம்! மூட்டை சுமக்கும் தந்தையின் கனவும், தாலியை அடகு வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டிய தாயின் நம்பிக்கையும் அந்தச் சில நொடிகளில் சரிந்தன.

"புகைப்பதுண்டா?" என்று கேட்டோம். தலை குனிந்தார். "எப்போதாவதுதான் அண்ணே. அன்றைக்குக் காலையில், பதற்றம் தணியட்டும் என்று ஒன்று" என்றார்.

அந்த ஒன்றால்தான் அவர் தோற்றார் என்று நாம் தீர்ப்பு எழுதவில்லை. பயிற்சி குறைந்திருக்கலாம், உறக்கம் கெட்டிருக்கலாம். ஆனால், நொடிகளை எண்ணி வாழ்வு தீர்மானிக்கப்படுகிற நாளில், தன் கையாலேயே தன் மூச்சில் பங்கு பிடுங்கிக் கொள்வது அறிவுடைமையா என்று கேட்கிறோம்.

ஓட்டம் என்பது என்ன? கால்களின் வேலை என்று எண்ணுகிறோம். இல்லை, அது மூச்சின் வேலை. நுரையீரல் உயிர்வளியை இழுக்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதைச் சுமக்கிறது. இதயம் அந்தச் சுமையைத் தசைகளுக்கு அனுப்புகிறது. இழுப்பவர், சுமப்பவர், அனுப்புபவர் ஆகிய மூவரும் ஒழுங்காக உழைத்தால் கால் ஓடும். ஒருவர் தளர்ந்தாலும் கால் நிற்கும்.

இங்கிலாந்தில் ராஜர் பானிஸ்டர் என்ற மருத்துவ மாணவர், 1954 மே 6ஆம் நாள், ஆக்ஸ்போர்டு ஓடுகளத்தில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி உலகை வியக்க வைத்தார். நான்கு நிமிடத்திற்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவர். ஓடியதோடு அவர் நிற்கவில்லை, ஆராய்ந்தார். சுழலும் பட்டையின்மீது ஆட்களை ஓடவிட்டு, சுவாசிக்கும் காற்றில் உயிர்வளியைக் கூடுதலாகக் கலந்து பார்த்தார். உயிர்வளி கூடியபோது, களைத்து நிற்க வேண்டியவர்கள் மேலும் ஓடினார்கள். உயிர்வளி கூடினால் ஓட்டம் கூடும் என்றால், குறைந்தால்?

அதைக் குறைக்கத்தானே தோழரே, பையில் தீப்பெட்டி வைத்திருக்கிறோம்!

புகையிலை எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்று பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை, வந்ததும் தெரியாது. ஆனால் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதில் அது உயிர்வளியைப் போல 200 மடங்குக்கு மேல் வல்லது. உயிர்வளி உட்கார வேண்டிய இருக்கையில் இது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எளிதில் எழுந்தும் போகாது. ஓய்வாக இருக்கும் உடலில், ஏறியதில் பாதி இறங்கவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஓட்டத்துக்கு முன் பிடித்தவன், அந்த நச்சைச் சுமந்துகொண்டே கோட்டில் நிற்கிறான்.

நாம் பூச்சாண்டி காட்டவில்லை. ஒரே ஒரு சிகரெட் ரத்தத்தில் பிடிக்கும் இடம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். தெருவில் நடப்பவனுக்கு அது தெரியாது. ஆனால் 7 நிமிடம் என்பது 420 நொடி. அதில் நூற்றில் ஒரு பங்கு நான்கு நொடிக்கு மேல்! கணக்கு அப்படியே நூல் பிடித்தாற்போல் நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. இம்மி அளவு என்று அலட்சியப்படுத்துவது எங்கே போய் முடியலாம் என்றுதான் காட்டுகிறோம்.

அடுத்து நிக்கோடின். அது நாடித் துடிப்பை விரைவுபடுத்துகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஓடத் தொடங்குமுன்பே இதயம் ஓடத் தொடங்கிவிடுகிறது! பதற்றம் தணியப் பிடித்ததாக அந்த இளைஞர் சொன்னாரே, அவர் இதயத்தைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருக்கும். புகையோ மூச்சுக் குழாயை உறுத்துகிறது, குழாய் இறுகுகிறது, சளி சுரக்கிறது. நடக்கும்போது இருக்கும் மூச்சே போதும் என்பதால் இறுக்கம் தெரிவதில்லை. ஓடும்போது பன்மடங்கு காற்று வேண்டும். அப்போது தெரிகிறது.

சடுகுடு ஆடுவோர்க்கு இதை விளக்க வேண்டுமா? மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிரியின் களத்தில் புகுந்து, தொட்டுத் திரும்ப வேண்டிய ஆட்டம் அது. கோடு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது பாட்டு அறுந்தால் ஆட்டம் போயிற்று. தோளில் வலுவிருந்து என்ன? தொடையில் திமிர் இருந்து என்ன? மூச்சு இல்லையேல் முடிவு இல்லை!

அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று அளந்து உடல்திறனைக் கணிக்கும் முறையை வகுத்தவர். 1968இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் விமானப்படை இளைஞர்களை இம்முறையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். புகைப்பவர்கள் பின்தங்கினார்கள். எண்ணிக்கை கூடக் கூட, தூரம் குறைந்தது. நோயாளிகளல்லர் அவர்கள்! நல்ல வயதில், நல்ல உணவு உண்டு, நாள்தோறும் பயிற்சி பெற்ற வீரர்கள்!

"அப்படியானால் குறைவாகப் பிடித்தால் குறைவான கேடுதானே?" என்று மடக்கலாம். உண்மை. இருபது பிடிப்பவரை விட ஒன்று பிடிப்பவர்க்குக் கேடு குறைவு. ஆனால் எவ்வளவு குறைவு? இருபதில் ஒரு பங்கு என்று எண்ணுகிறோம். இதய நோயைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. 141 ஆய்வுகளைத் தொகுத்து லண்டன் அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு இது: நாள்தோறும் இருபது பிடிப்பவர்க்குக் கூடுகிற இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவர்க்கும் கூடுகிறது. விலை இருபதில் ஒரு பங்கு, வினை பாதிப் பங்கு! இப்படியொரு வாணிபத்தை நம் தோழர்கள் வேறெங்காவது ஒப்புக்கொள்வார்களா?

"நான் சிகரெட்டைத் தொடுவதில்லை, பீடிதான்" என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. இலையில் சுற்றினால் நஞ்சு அமுதாகிவிடுமா? பீடியில் தூள் குறைவு. ஆனால் அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழ இழுக்க வேண்டும். ஆகவே நச்சுக்காற்றிலும் நிக்கோடினிலும் தாரிலும் அது சிகரெட்டுக்கு இளைத்ததன்று. இதைச் சொல்லும்போது நெல்லைச் சீமையில் திண்ணையில் குனிந்து பீடி சுற்றும் தாய்மார்களை நாம் மறக்கவில்லை. அவர்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும் என்பது நியாயம். அவர்கள் பிழைக்க நாம் நெஞ்சைக் கருக்கிக்கொள்ள வேண்டும் என்பது நியாயம் ஆகாது. தூளிலேயே நாளெல்லாம் மூழ்கும் அவர்களும் அந்தப் புகையிலையின் பலியாட்களே!

இன்னொரு மயக்கம் உண்டு. "பிடித்தால் என்ன, ஓடினால் வியர்வையில் எல்லாம் போய்விடும்" என்பது. வியர்வையில் உப்பு போகும், வினை போகாது. புகைப்பவரும் ஓடினால் நன்மை உண்டு. ஓடாதவரை விட அவர் மேல். ஆனால் ஓட்டம் புகைக்குக் கழுவாய் அன்று. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு இறைத்தாலும், ஓட்டையை அடைப்பது வேறு வேலை. எனவே, பீடியை விடமுடியவில்லை என்பதற்காக ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஓட்டத்தை வைத்துக்கொண்டு பீடியை விடுங்கள்!

ஊருக்கு உபதேசம் செய்ய நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நமக்கும் அந்த 'ஒன்றே ஒன்று' இருந்தது. கூட்டம் முடிந்த நள்ளிரவில், தொண்டை கட்டிய நிலையில், தேநீரோடு ஒன்று. தலையங்கம் எழுதும்போது ஒன்று. ஒருநாள் மேடைப் படிகளில் ஏறி, முதல் சொல்லைச் சொல்ல மூச்சு வராமல் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரே ஆயிரம் பேர். பேச்சையே படைக்கலமாகக் கொண்டவனுக்கு மூச்சு இல்லை! அன்று விட்டோம். மூன்று நாள் கை நடுங்கியது, எரிச்சல் வந்தது, மனைவியிடம் காரணமின்றிச் சினந்தோம். பிறகு தணிந்தது. இன்று படி ஏறுகிறோம், பேசுகிறோம்.

விட்டால் உடல் நன்றி மறப்பதில்லை. இருபது நிமிடத்தில் நாடித் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ அரை நாளில் நச்சுக்காற்று ரத்தத்திலிருந்து நீங்குகிறது. சில வாரங்களில் தொடங்கிச் சில திங்களுக்குள் ரத்த ஓட்டமும் நுரையீரலும் தேறுகின்றன. ஓராண்டில், கூடியிருந்த இதய நோய் ஆபத்து பாதியாகக் குறைகிறது.

இழுக்கும் ஆசை வந்தால், அது சில நிமிடங்களில் தணியக்கூடியது. அந்தச் சில நிமிடம் எழுந்து விரைந்து நடங்கள். ஆசை மட்டுப்படும் என்று ஆய்வுகளே சொல்கின்றன. தனியாக முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்து வழி கேளுங்கள். கேட்பது இழுக்கன்று.

பொது இடங்களில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டத்திற்காக மட்டுமல்ல, நம்மைப் பார்த்து வளரும் சிறுவர்களுக்காகவும் படிப்பகத்து வாசலை முதலில் தூய்மையாக்குவோம். "தம்பி, ஓடிப்போய் ஒன்று வாங்கி வா" என்று சிறுவனை ஏவும் கொடுமையை இன்றோடு நிறுத்துவோம். அவன் ஓட வேண்டியது பெட்டிக்கடைக்கு அல்ல!

அந்த இளைஞர் மறுபடியும் தேர்வுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுகிறார். சட்டைப்பையில் தீப்பெட்டி இல்லை. அவருக்குச் சொன்னதையே தோழர்கள் அனைவருக்கும் சொல்கிறோம். உழைப்பவனுக்கு நிலமில்லை, நெடுமாடம் இல்லை. அவனுக்குள்ள ஒரே முதல் அவன் உடல். அந்த முதலிலிருந்து நாளுக்கு ஒரு பிடி அள்ளி நெருப்பில் இடுவதற்கு, 'ஒன்றே ஒன்றுதானே' என்று பெயர் சூட்டாதீர்கள்!