சைகை புரியாதபோது

1900-க்கும் 1902-க்கும் இடைப்பட்ட காலம். திருவண்ணாமலை நகராட்சி ஓவர்சியர் கம்பீரம் சேஷய்யர் ராம பக்தர், ராஜயோகம் பயின்றவர். படித்ததில் சந்தேகம் வந்தால் மலைமேலிருந்த விருபாட்ச குகைக்கு ஏறிவிடுவார். அங்கிருந்த ரமணருக்கு இருபதை ஒட்டிய வயது, பேசுவது அபூர்வம். சேஷய்யர் கொண்டுவந்த புத்தகங்களைத் தானே படித்துப் பார்த்து, விளக்கத்தைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுத்தார். தன் வழி ஆத்ம விசாரம் என்பதற்காக, “இதையெல்லாம் தூக்கிப் போடும்” என்று அவர் தொடங்கவில்லை. கேட்டவருக்குப் பழகிய யோகச் சொற்களிலிருந்தே தொடங்கினார். அந்தக் காகிதங்கள் பின்னாளில் ‘விசார சங்கிரகம்’ ஆயின.

1902-ல் தென்னார்க்காடு வருவாய்த் துறையிலிருந்து சிவப்பிரகாசம் பிள்ளை வந்தார். தத்துவம் படித்த பட்டதாரி. அவருக்குச் சைகையில் பதில் கிடைத்தது. சைகை புரியாதபோது எழுத்தில் கிடைத்தது. ‘நான் யார்?’ என்ற நூல் பிறந்தது இப்படித்தான். ஆன்மிகத்தில் நாட்டமில்லாதவரும் கவனிக்கவேண்டிய இடம் இது: புரியாமைக்குக் கேட்டவரைக் குறை சொல்லாமல், ரமணர் தான் சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டார்.

எல்லாப் பெரியவர்களும் அப்படி இருந்துவிடவில்லை. 1867-ல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறியதும் ஆறுமுக நாவலர் தரப்பு மறுப்பு எழுத, மறுப்புக்கு மறுப்பு வர, விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போயிற்று. இணையம் வந்துதான் படித்தவர்கள் நிதானம் இழந்தார்கள் என்போர் அந்தக் கண்டனப் பிரசுரங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

மென்பொருள் உலகமும் வசவைத் திறமைசாலிகளின் சலுகையாகவே நெடுநாள் வைத்திருந்தது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தன் கடுஞ்சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியது 2018 செப்டம்பரில்தான். அதே மாதம் அந்தத் திட்டத்துக்குப் புதிய நடத்தை விதிகளும் வந்தன. நல்லதுதான். ஆனால் விதி வசவைத் தடுக்கும். அடுத்தவர் புத்தகத்தை வாங்கிப் படித்துப் பதில் எழுத வைக்காது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் உட்கார, நடுவே தடுப்பு இருந்தது. பதிலில் இருந்த சமத்துவம் பந்திக்கு வரவில்லை. நம் நிரலாளர் குழுக்களில் அந்தத் தடுப்பு ஆங்கிலம். செங்கத்திலோ போளூரிலோ தமிழ்வழியில் படித்துவிட்டுப் பைத்தான் கற்கும் மாணவி, பிழையான ஆங்கிலத்தில் கேட்டால் கேலி; தமிழில் கேட்டால் மௌனம். அதையும் மீறிக் கேட்டால், “முதலில் கூகுளில் தேடு” என்பார்கள். தேடிப் பார்த்துப் புரியாமல்தானே அவள் கேட்கிறாள்? கணியம் போன்ற அமைப்புகள் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகின்றன. அது மட்டும் போதாது.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் திருவண்ணாமலை மாவட்டத்துப் பொறியாளர்களே, அவள் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் எழுதுங்கள். புரியவில்லை என்றால் வேறு விதமாக இன்னொரு முறை எழுதுங்கள்.