ஆய்வு யாருக்காக?

மாணவர்களே! நம் கும்பளங்கியைச் சுற்றிலும் காயல். கோடையில் கடலின் உப்புநீர் வயல்களுக்குள் ஏறிவிடும். பிற நெல்வகைகள் வாடும் அம்மண்ணிலும் பொக்காளி நெல் செழித்து வளரும். மழை உப்பைக் கழுவியதும் உழவர் மண்மேடுகளில் விதைப்பர். ஐப்பசியில் கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விட்டுவிடுவர். அழுகும் தாள் இறாலுக்கு இரையாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும்.

இந்த நெல்லை அறிவியல் போற்றியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார், உப்பைத் தாங்கும் இதன் மரபணுப் பகுதியைக் கண்டறிந்து 'சால்டால்' எனப் பெயரிட்டனர். வங்காளதேசம் போன்ற நாடுகளின் கடலோர வயல்களுக்கேற்ற நெல்லை உருவாக்க அது உதவுகிறது. உப்புநீரால் பயிரை இழக்கும் சிற்றுழவர் கடனாளியாகிறார். பயிர் பிழைத்தால் அவர் குடும்பமும் பிழைக்கும். எனவே, வேளாண் ஆய்வு வறுமையைக் குறைக்க வல்லது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், விதை மட்டும் போதுமா? 1960களில் தஞ்சையில் ஆடுதுறை 27 என்னும் நெல் விளைச்சலைப் பெருக்கியது. நிலமற்ற தொழிலாளரின் கூலியோ அதனால் தானாக உயர்ந்துவிடவில்லை. அவர்கள் போராடியே அதைப் பெற்றனர்.

உலகுக்கு விதை தந்த பொக்காளி வயல்களின் பரப்பும் இன்று சுருங்கி வருகிறது. வைற்றிலாவில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் மேம்பட்ட வகைகளை அளித்துள்ளது. 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், இடுப்பளவு நீரில் நின்று கதிர் அறுப்போர் பெரும்பாலும் பெண்களே. அந்தச் சேற்றில் வழக்கமான அறுவடை இயந்திரங்கள் புதைந்துவிடும். அறுப்புக்கு ஆள் குறைகிறது, செலவோ ஏறுகிறது. இறால் கூடுதல் வருவாய் தருவதால், நெல்லைக் கைவிடுவோர் பெருகுகின்றனர்.

ஆகவே, விதையை ஆய்ந்த அறிவியல் இனி உழைப்பையும் ஆய வேண்டும் என்பதே என் கருத்து. சேற்றில் இயங்கும் எளிய அறுவடைக் கருவி தேவை. "கருவி வந்தால் பெண்களின் கூலி போய்விடாதா?" என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை, கருவியை மறுப்பதன்று. அப்பெண்களையே அதன் உரிமையாளராகவும் இயக்குநராகவும் ஆக்குவது.

விளைச்சல் எத்தனை மூட்டை எனக் கணக்கிடுவது எளிது. அதனால் யார் வீட்டு அடுப்பு எரிந்தது எனக் கணக்கிடுவதே முழுமையான ஆய்வு.