இதர துறைகள்

உலக நாடுகள் தாம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களைத் துறைவாரியாகக் கணக்கெழுத வேண்டும். அதற்கான விதிமுறையை ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2006இல் வகுத்தது. எரிசக்தி, தொழில், வேளாண்மையும் நிலமும், கழிவு என்று நான்கு பெரிய துறைகள். இதில் வீட்டு அடுப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். எரிசக்திக்குக் கீழே, மின்நிலையம், ஆலை, போக்குவரத்து எல்லாம் முடிந்த பிறகு, 'இதர துறைகள்' என்ற தலைப்பில் ஓர் உட்பிரிவாக இருக்கிறது. உலகத்துக்கே சோறு வடிக்கிற இடம் இவர்களுக்கு இதரம்.

தமிழ் கற்பிப்பவளுக்குத் 'துறை' புதிய சொல் அல்ல. சங்க அகப்பாடலுக்குத் துறைக்குறிப்பு உண்டு. பேசுவது யார், யாரிடம், எந்த நிலையில் என்று அது சொல்லும். தலைவி பேசுகிறாளா, தோழி பேசுகிறாளா என்று தெரியாமல் பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது. காலநிலை அறிக்கையின் துறையில் இந்த ஆள்தான் இல்லை. புகை எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இருக்கிறது. யாருக்காக எரிந்தது, யார் நெஞ்சுக்குள் போனது, அதைக் குறைத்தால் யாருடைய கூலி போகும்? இந்த மூன்றுக்கும் அங்கே கட்டம் கிடையாது.

கணக்கில் என்ன அரசியல் என்று கேட்பார்கள். ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீட்டின்படி 2019இல் உலகம் வெளியிட்டது சுமார் 5,900 கோடி டன். அதில் கட்டடங்களின் பங்கு 6 சதவீதம். அவை பயன்படுத்தும் மின்சாரத்தின் புகையையும் அவற்றின் பெயரிலேயே எழுதினால் 16 சதவீதம். அதே ஆண்டு, அதே புகை. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முடிவெடுப்பவர் கையில்தான் அரசியல் இருக்கிறது.

விமானத் துறையைப் பாருங்கள். பன்னாட்டு விமானங்களின் புகையைக் குறைக்கும் பொறுப்பை 1997இன் கியோட்டோ ஒப்பந்தம் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பிடம் விட்டது. அந்த அமைப்பு 2016இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. புகை கூடினால், வேறெங்கோ யாரோ குறைத்ததை விலைக்கு வாங்கி ஈடுகட்டலாம். இப்படி ஈடு விற்கும் கார்பன் சந்தையில் ஏழை நாட்டுப் பெண்களுக்குக் கொடுத்த 'மேம்பட்ட அடுப்பு'களும் சரக்கு. புது அடுப்பு வந்ததும் பழையதை அவள் கைவிட்டுவிட்டாள் என்று தாளில் எழுதிக்கொள்கிறார்கள். அவளோ இரண்டிலும் சமைக்கிறாள். 2024இல் வெளிவந்த பெர்க்லி ஆய்வாளர்களின் ஆய்வு, தான் எடுத்துக்கொண்ட அடுப்புத் திட்டங்கள் உண்மையைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல் கணக்குக் காட்டியிருந்ததைக் கண்டது. ஊதுகுழலோடு ஒருத்தி இருமிக்கொண்டிருக்க, அவள் பெயரில் எழுதிய பொய்யில் இன்னொருவர் பறக்கிறார்.

இனி நம் வயலுக்கு வருவோம். நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மீத்தேன் வருகிறது, உண்மை. அதைக் குறைக்கச் சொல்லப்படும் வழிகள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது, நாற்று நடாமல் நேரடியாக விதைப்பது. நேரடி விதைப்பில் நாற்றுப் பறிப்பு இல்லை, நடவு இல்லை. களை கூடும், அதற்குக் களைக்கொல்லி வரும். காவிரிப் படுகையில் நடவும் களையெடுப்பும் யாருடைய வேலை? பெரும்பாலும் நிலமில்லாத பெண்களுடையது, அதிலும் தலித் பெண்களுடையது. நடவு இடுப்பை ஒடிக்கும் வேலை. அது ஒழிந்தால் எனக்கு வருத்தமில்லை. கூலியும் சேர்ந்து ஒழிகிறதே, அதைத்தான் கேட்கிறேன். வேளாண்மைத் துறையின் மீத்தேன் குறைந்தது என்று அறிக்கை வரும். அவள் வீட்டு உலை கொதிக்காதது எந்தத் துறை?

வேலை இழப்பவருக்கு ஈடு தர வழியே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்த 2020இல் சட்டம் இயற்றிய ஜெர்மனி, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. முதிய தொழிலாளர்களுக்கு ஓய்வுக்காலம்வரை உதவித்தொகையும் உண்டு. நல்லதுதான். சுரங்கத் தொழிலாளிக்கு வேலை போனால் அது இழப்பு என்று உலகத்துக்குத் தெரிகிறது. அவனுக்குச் சங்கம் இருக்கிறது, வேலைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. நாற்று நடுகிறவளுக்கு இரண்டும் இல்லை. ஆகவே அவள் இழப்பு 'பருவ மாற்றம்' போலத் தானாக நடந்ததாகிவிடுகிறது.

புகையைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலும் வெள்ளமும் முதலில் வாங்குவது இதே பெண்களைத்தான். ஒவ்வொரு துறைத் திட்டமும் டன் கணக்குக்குப் பக்கத்திலேயே மூன்று பத்திகள் எழுதட்டும்: இதனால் யார் வேலை போகிறது, அவளுக்கு என்ன தரப்போகிறோம், முடிவெடுத்த மேசையில் அவள் இருந்தாளா. இவற்றை நிரப்பாத திட்டத்தைப் பசுமை என்று அழைக்க நாம் மறுக்க வேண்டும்.

மாணவிகளே, அடுத்த முறை உங்களிடம் ஒரு துறைவாரி அட்டவணையை யாராவது நீட்டினால் கடைசி வரியிலிருந்து படியுங்கள். நம்மை அங்கேதான் வைத்திருப்பார்கள்.