மெய்நிகர் கண்ணாடி கொட்டடியைக் காட்டட்டும்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. நாகர்கோவில் பக்கமிருந்து வரும் கட்டிடத் தொழிலாளியும் வங்கத்திலிருந்து வரும் இளைஞனும் வேலை தேடி இறங்கும் இடம் அது. இரவில் அங்கு ஒதுங்கி நிற்கும் அழுக்குச் சட்டைக்காரன் மீதுதான் காவல்துறையின் சந்தேகப் பார்வை முதலில் விழுகிறது.

அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில், 2005 செப்டம்பர் 27 அன்று உதயகுமார் என்ற தொழிலாளி பிடிக்கப்பட்டார். அவரிடம் 4,020 ரூபாய் இருந்தது. ஏழையின் கையில் அவ்வளவு பணமா என்பதே அவர் மீதான சந்தேகம். கோட்டை காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டவர் உயிருடன் திரும்பவில்லை. தொடைகளின் மீது இரும்புக் குழாயை உருட்டிச் சித்திரவதை செய்தனர் என்பதே வழக்கு.

இன்று மேலைநாட்டுக் குற்றவியல் ஆய்வுக்கூடங்களில் மெய்நிகர் தொழில்நுட்பம் புகுந்துள்ளது. திருட்டுக் குற்றத்தில் தண்டனை பெற்றவரின் கண்களில் கருவியை மாட்டி, கணினி படைத்த வீட்டுக்குள் உலவவிடுகிறார்கள். எவ்வழியே நுழைகிறார், எந்த அறைக்குச் செல்கிறார், எதை எடுக்கிறார் என்று பதிவு செய்கிறார்கள். பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் இதில் முன்னோடிகள்.

ஆய்வு தவறல்ல. யாருடைய நடத்தை குற்ற நடத்தையாக ஆராயப்படுகிறது என்பதே கேள்வி. பூட்டிய வீட்டுக்குள் நுழைபவனுக்கு மெய்நிகர் வீடு கட்டப்படுகிறது. மலக்குழிக்குள் தொழிலாளியை இறக்கிவிட்டு மேலே நிற்கும் ஒப்பந்தக்காரனின் மனத்தை ஆராய எவரும் மெய்நிகர் மலக்குழி கட்டவில்லை.

நமது நாட்டில் இக்கேள்விக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. பின்னர் உண்மை கண்டறியும் ஊசியும் மூளை வரைபடச் சோதனையும் அறிவியலின் பெயரால் வந்தன. ஒப்புதலின்றி அவற்றை நடத்துவது அரசியல் சட்டத்திற்கு விரோதம் என 2010இல் செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும் மோடி அரசு 2022இல் கொண்டுவந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கருவிழிப் பதிவோடு 'நடத்தைப் பண்புகளையும்' சேகரிக்க அனுமதிக்கிறது. அப்பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். இப்படிப்பட்ட அரசின் கையில் மெய்நிகர் கருவி எவருடைய தலையில் மாட்டப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இதே கருவியை மறுபக்கமும் திருப்ப முடியும். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் மெய்நிகர் வடிவத்தை ஜெர்மனியின் பவேரியக் காவல்துறை உருவாக்கியது. காவல் கோபுரத்தில் நின்றவனுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்பதை அது காட்டியது. 2016இல் 94 வயதான நாஜிக் காவலர் ரைன்ஹோல்ட் ஹானிங் மீதான விசாரணையில் அது பயன்பட்டது. அவர் தண்டிக்கப்பட்டார்.

இங்கே நிலைமை என்ன? சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் வதைக்கப்பட்ட 2020 ஜூனில், அந்நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. உதயகுமார் வழக்கில் 2018இல் இரண்டு காவலர்களுக்குச் சிபிஐ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் விசாரணையின் குறைகளைச் சுட்டிக்காட்டி, குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. அப்படியானால் உதயகுமாரைக் கொன்றது யார்? நீதிக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய தாய்க்கு யார் பதில் சொல்வது?

குற்ற நடத்தையை ஆராய விரும்புவோர் முதலில் கொட்டடியை ஆராயட்டும். அலறல் எத்தனை மேசைகளுக்குக் கேட்டது, எத்தனை கண்கள் திரும்பிக்கொண்டன என்பதைக் கருவி காட்டட்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்ற உச்சநீதிமன்றத்தின் 2020 டிசம்பர் உத்தரவு முழுமையாக நிறைவேறட்டும். தம்பானூரில் இறங்கும் தொழிலாளியின் மூளைக்குள் எட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.