ஐம்பத்திரண்டாவது பெயர்

2015 ஜூன் 25 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் அரங்கில் ஐம்பத்திரண்டாவதாக வாசிக்கப்பட்ட பெயர் சத்னாம் சிங் பமாரா. பஞ்சாப் மாநிலம் பர்னாலா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த உழவர் மகன். உயரம் ஏழடி இரண்டு அங்குலம். இந்திய மண்ணில் பிறந்த ஒருவரை என்.பி.ஏ. எனும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பின் அணியொன்று தெரிவு செய்தது அதுவே முதல் முறை. தெரிவு செய்த அணி டாலஸ் மேவரிக்ஸ். நம் நாளிதழ்கள் ஒரு வாரம் கொண்டாடின. அதன் பிறகு சத்னாம் ஓர் என்.பி.ஏ. ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. கொண்டாடியவர்கள் மறந்துபோனார்கள். மறக்காதவர்கள் இரண்டு தீர்ப்புகளை எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் தீர்ப்பு: கடைசிச் சுற்றில் எடுக்கப்படுபவன் அணிக்குள் நுழையவே முடியாது, அது வெறும் சடங்கு. இரண்டாம் தீர்ப்பு: அது முழுக்க முழுக்கச் சந்தை உத்தி, நூறு கோடிப் பேர் கொண்ட நாட்டில் தொலைக்காட்சி உரிமை விற்பதற்காக ஓர் உயரமான பையனைக் காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். முதலாவதைச் சொல்பவர்கள் விளையாட்டு அறிந்தவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நம் சிற்றிதழ் நண்பர்கள். உலகமயமாதல் என்ற ஒற்றைச் சாவியால் எல்லாப் பூட்டையும் திறந்துவிடலாம் என்று நம்புகிறவர்கள். இரண்டு தீர்ப்புகளும் தவறு என்பதோடு, இரண்டுமே நமக்கு மிக வசதியானவை என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். என்.பி.ஏ.வில் அணிகள் 30. ஓர் அணியின் முறையான பட்டியலில் அதிகபட்சம் 15 பேர். ஆக, உலகம் முழுமைக்கும் 450 நாற்காலிகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள். 2015-ல் டிராஃப்ட் எனும் அந்தத் தெரிவில் இரண்டு சுற்றுகளிலுமாக வாசிக்கப்பட்ட பெயர்கள் 60. முதல் சுற்றில் வருகிற 30 பேருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது தொடக்க ஆண்டுகளின் ஊதியம் உறுதி. இரண்டாம் சுற்றுக்காரனுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. அணிக்குக் கிடைப்பது அவன் மீதான உரிமை மட்டுமே. அவனை அழைக்கலாம், அழைக்காமலும் இருக்கலாம். அணியைப் பொறுத்தவரை ஏறக்குறைய செலவில்லாத ஒரு லாட்டரிச் சீட்டு அது. விழுந்தால் லாபம், விழாவிட்டால் யாரும் அழப்போவதில்லை.

இதுவரை முதல் தீர்ப்புக்காரர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 'நுழையவே முடியாது' என்கிறார்களே, அங்கேதான் வழக்கு. அர்ஜெண்டினாவின் மானு ஜினோபிலி 1999-ல் 57-ஆவது பெயர். ஸ்பெயினின் மார்க் கசோல் 2007-ல் 48-ஆவது பெயர். செர்பியாவின் நிகோலா யோகிச் 2014-ல் 41-ஆவது பெயர். அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது ஓர் உணவக விளம்பரம். ஜினோபிலி நான்கு முறை கோப்பை வென்ற சான் அன்டோனியோ அணியின் தூண். கசோல் 2013-ல் அந்த அமைப்பின் சிறந்த தடுப்பாட்டக்காரர். யோகிச் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆகச்சிறந்த ஆட்டக்காரர். கடைசிச் சுற்றின் கதவு குறுகியதுதான், பூட்டியிருக்கவில்லை.

இனி, இந்த மூவரும் பெயர் வாசிக்கப்பட்ட மறுநாள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மூவருமே அமெரிக்காவுக்கு ஓடவில்லை. ஜினோபிலி மூன்றாண்டுகள் இத்தாலியில் ஆடினார். அந்தக் காலத்தில் பொலோஞா அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்று, 2002-ல்தான் என்.பி.ஏ.வுக்குப் போனார். கசோல் ஓராண்டு ஸ்பெயின் தொடரிலேயே இருந்து, அந்தப் பருவத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரோடு போனார். யோகிச் ஓராண்டு செர்பியாவிலேயே ஆடினார். தங்கள் மொழி பேசும் அல்லது தங்களை மதிக்கும் ஓர் ஊரில், வாரம் தவறாமல், தோற்றால் தலைப்புச் செய்தியாகிற ஆட்டங்களில் அவர்கள் முதிர்ந்தார்கள். அமெரிக்க அணி காத்திருந்தது. காத்திருப்பதற்கு அதற்குச் செலவில்லை. கடைசிச் சுற்றுக்காரனின் இடம் தெரிவு நடக்கும் இரவில் முடிவாவதில்லை, பயிற்சி முகாமிலும் முடிவாவதில்லை. அடுத்த சில ஆண்டுகள் அவன் எங்கே ஆடுகிறான் என்பதில்தான் முடிவாகிறது.

சத்னாம் எங்கே ஆடியிருக்க முடியும்? லூதியானாவின் கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சியாளர் எஸ்.சுப்பிரமணியனிடம் கற்றவர் அவர். 2010-ல், பதினான்கு வயதில், ஆங்கிலம் தெரியாமல் ஃப்ளோரிடாவின் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் போனார். அங்கிருந்து கல்லூரி ஆட்டமோ தொழில்முறை ஆட்டமோ ஒன்றும் ஆடாமலே நேராகத் தெரிவுக்கு வந்தார். தெரிவான பின் கோடைக்காலத் தொடரிலும், டாலஸ் அணியின் துணை அணியான டெக்ஸாஸ் லெஜண்ட்ஸிலும் இடம் கிடைத்தது. பட்டியலில் பெயர் இருந்தது. களத்தில் கிடைத்தவை மிகச் சில நிமிடங்கள். ஜினோபிலிக்கு இத்தாலி இருந்ததுபோல, சத்னாமுக்குத் திரும்பி வந்து ஆட ஓர் இந்தியா இல்லை. 2015-ல் இங்கே ஆண்டின் பாதியேனும் நடக்கும் ஒரு தொழில்முறைத் தொடர் இருக்கவில்லை. அதே ஆண்டு தொடங்கிய யு.பி.ஏ. என்ற தனியார் தொடர் 2017-க்குப் பிறகு நின்றுபோனது.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு இதை விளக்கத் தென்னை போதும். ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டாலும், ஆனைமலைப் பக்கம் நாற்றங்கால் வைத்திருப்பவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். நல்ல தாய்மரத்து நெற்றை விதைப்பார்கள். ஐந்தாறு மாதங்களில் முளைக்காததைக் கழித்துவிடுவார்கள். ஓராண்டு நாற்றில் ஆறு இலையும் கழுத்தில் பத்து செண்டிமீட்டர் பருமனும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது தெரிவு, இதில் கருணைக்கு இடமில்லை. ஆனால், தேறிய நாற்றை வாங்கி வந்து வரப்போரம் சாய்த்துவைத்துவிட்டு, 'இந்த நாற்று காய்க்கவில்லை, விதை சரியில்லை' என்று எந்த உழவரும் சொல்லமாட்டார். மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்ட வேண்டும். தண்ணீர் விட வேண்டும். நெட்டை ரகமென்றால் முதல் பாளைக்கு ஐந்து ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும். நாற்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு காலைப் பொழுதின் வேலை. குழி வெட்டுவதும் காத்திருப்பதும்தான் விவசாயம்.

குழி வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்குக் கொங்கு மண்ணிலேயே சான்று இருக்கிறது. கூடைப்பந்தில் அல்ல, கிரிக்கெட்டில். சேலத்துச் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜனை 2018-ல் ஹைதராபாத் அணி 40 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. ஐ.பி.எல். சந்தையில் அது சில்லறை. 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் அவருக்கு ஓர் ஆட்டம்கூடக் கொடுக்கப்படவில்லை. ஐம்பத்திரண்டாவது பெயருக்கு நேர்ந்த அதே கதை. ஆனால் நடராஜனுக்குப் போக இடமிருந்தது. தமிழ்நாட்டு அணி இருந்தது. மாநில டி.என்.பி.எல். தொடர் இருந்தது. கீழ்ப்பிரிவிலிருந்து மேலேறி வரச் சென்னை லீக் ஆட்டங்கள் முன்பே இருந்தன. 2020-ல் வாய்ப்பு வந்தபோது அந்தக் கை தயாராக இருந்தது. 16 ஆட்டங்கள், 16 விக்கெட்டுகள். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். தனிமனித விடாமுயற்சியின் கதையாக இதை மேடைதோறும் சொல்கிறோம். விடாமுயற்சி சத்னாமுக்கும் இருந்தது. ஏணி இருந்தது நடராஜனுக்கு மட்டும்தான்.

'கூடைப்பந்துக்கு இங்கே என்ன இருக்கிறது, அது அமெரிக்க விளையாட்டுதானே' என்று கேட்கும் நண்பர்கள் கோவைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். பி.எஸ்.ஜி. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியும், ஆண்களுக்கான நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும், பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் பல்லாண்டுகளாக நடக்கின்றன. ஆட்டம் தெரிந்த கூட்டம் வருகிறது. ஆனால் வந்து ஆடும் அணிகளின் பெயர்களைப் பாருங்கள்: இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம், விமானப்படை, கடற்படை, ரயில்வே. ஊர்களின் பெயர்கள் இல்லை, அலுவலகங்களின் பெயர்கள். ஓர் ஆட்டக்காரனுக்கு நாம் தரும் உச்சபட்சப் பரிசு ஓர் எழுத்தர் நாற்காலி. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த வேலை எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியச் செய்திருக்கிறது. ஆனால் அது ஆட்டத்துக்கான ஊதியம் அல்ல, ஆட்டத்தை விட்டபின் வாழ்வதற்கான காப்பீடு. ஆண்டில் சில போட்டிகள், போட்டிக்குச் சில நாட்கள், மிச்ச நாட்களில் கோப்புகள். அமெரிக்க முறை ஆட்டத்தைக் கொடுத்து நாற்காலியை மறுக்கிறது. நம் முறை நாற்காலியைக் கொடுத்து ஆட்டத்தை மறுக்கிறது.

சென்னையின் அனிதா பால்துரையை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 முதல் 2017 வரை ஆசிய வாகையர் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடியவர், இந்திய அணியின் தலைவர், ரயில்வே ஊழியர், 2021-ல் பத்மஸ்ரீ. இந்த நீண்ட காலம் முழுவதும் அவர் ஆடுவதற்கு உள்நாட்டில் ஒரு நிலையான தொழில்முறைத் தொடர் இருந்ததா? எந்தக் கடைசிச் சுற்றிலேனும் அவர் பெயர் வாசிக்கப்பட வாய்ப்பு இருந்ததா? சத்னாமின் தோல்வியைப் பற்றியாவது நாம் பேசுகிறோம். அனிதாவுக்குத் தோற்கக்கூட ஒரு களம் கொடுக்கவில்லை.

இரண்டாம் தீர்ப்புக்கு வருகிறேன். சந்தை உத்தி என்பது உண்மையா? ஒரு பகுதி உண்மை. கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினரான சிம் புல்லர், இந்திய வம்சாவளி உரிமையாளர் கொண்ட சாக்ரமெண்டோ அணிக்காக 2015 ஏப்ரலில் பத்து நாள் ஒப்பந்தத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடினார். இரண்டே மாதங்களில் சத்னாம் தெரிவானார். அடுத்த ஆண்டே அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது. இதிலெல்லாம் வணிகக் கணக்கு இல்லை என்று சொல்ல நான் அப்பாவி அல்ல. ஆனால் சந்தை உத்தி என்று சொல்லி முடித்துவிட்டால், பிற்பாடு சிம் புல்லர் தைவான் தொடர்களில் ஆண்டுக்கணக்கில் ஆடி வாழ்ந்ததை எப்படி விளக்குவது? இந்தியாவின் ஒரு மூலையளவே உள்ள தைவானில் ஆள் எடுத்து, ஊதியம் கொடுத்து, ஆடவைக்கும் தொடர் இருக்கிறது. நம் நண்பர்களின் கோபம் அமெரிக்க முதலாளி மீது பாய்கிறது. உள்ளூர்க் கூட்டமைப்பு மீதும், அதன் நாற்காலிச் சண்டைகள் மீதும் ஒருபோதும் பாய்வதில்லை. தொலைவில் இருப்பவனைத் திட்டுவது எளிது. அவன் திரும்பிக் கேட்கமாட்டான்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேகமும் தொலைவெறிதலும் ஆட்டத்தை ஆளத் தொடங்கிய காலத்தில் வந்தவர் சத்னாம். கூடையடியில் நிற்கும் மெதுவான நெடியவர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 2019-ல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, 2020 டிசம்பரில் ஈராண்டுத் தடை பெற்றார். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2022-ல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தக் காட்சி மேடைக்குப் போய்விட்டார். நல்ல தொடர் ஒன்று இங்கே இருந்திருந்தாலும் அவர் தேறாமல் போயிருக்கலாம். ஆனால் அப்போது அது அவருடைய தோல்வியாக இருந்திருக்கும். இப்போது இருப்பது நம்முடைய தோல்வி, அவர் பெயரில் எழுதப்பட்டது.

சென்னை உட்பட ஆறு நகர அணிகளோடு ஐ.என்.பி.எல். தொடர் நடந்தது. வரவேற்கிறேன். ஆனால் சில வாரத் திருவிழா ஒரு தொடர் ஆகாது. யோகிச்சை உருவாக்கியது திருவிழா அல்ல. பாதி காலியான அரங்குகளில், குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் நடந்த, யாரும் பெரிதாகப் பேசாத ஆட்டங்கள். ஏழெட்டு மாதங்கள், அணிக்கு முப்பது ஆட்டங்கள், கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் தஞ்சைக்கும் பெயர் சொல்ல அணிகள், பெண்களுக்கும் அதே அளவு. இது கனவல்ல, செர்பியா தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கு மக்கள்தொகைகூட இல்லாத நாடு.

'என் பையன் உயரமாக இருக்கிறான், கூடைப்பந்துக்கு அனுப்பலாமா' என்று கேட்கும் தகப்பனுக்கு நாம் இன்று சொல்லக்கூடிய நேர்மையான பதில், 'வங்கி வேலைக்கு உதவும்' என்பதுதான். கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்டவன் அணியில் சேர்வானா என்று அமெரிக்காவைப் பார்த்துக் கேட்கும் தகுதி, அந்தப் பதிலை மாற்றிய பிறகுதான் நமக்கு வரும்.