பிள்ளையின் பள்ளியும் பெற்றோரின் பொறுப்பும்

 

தர்மபுரியில் எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஷார்ஜாவில் குடும்பத்துடன் வசிக்கிறார். சென்ற மாதம் இஷாத் தொழுகைக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், மகளுக்கு நான்கு வயது ஆகிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்க எண்ணுகிறோம். மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

தடை இல்லை என்றேன். வஹீயின் தொடக்கமே 'ஓதுவீராக' என்னும் கட்டளைதான். ஆங்கிலக் கல்வியைக் கண்டு நம் சமுதாயம் அஞ்சி ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சத்தைக் கடந்தவர்கள்தாம் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவினார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாகப் பதிவானது நம் தர்மபுரி. இம்மண்ணிலிருந்து சென்ற ஒருவர் தம் மகளுக்குச் சிறந்த கல்வியைத் தேடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு சில உள்ளன. அவற்றை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதற்கேள்வி: பதினெட்டு வயதில் இப்பிள்ளை எங்கே படிக்கப் போகிறது? பிரிட்டிஷ் முறையில் பதினோராம் ஆண்டின் முடிவில் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வும், பதின்மூன்றாம் ஆண்டின் முடிவில் ஏ லெவல் தேர்வும் நடைபெறுகின்றன. ஏ லெவலில் பெரும்பாலோர் மூன்று அல்லது நான்கு பாடங்களையே படிக்கின்றனர். பிரிட்டனிலோ வேறு வெளிநாட்டிலோ உயர்கல்வி கற்க இது நல்ல வழி. தாயகத்தில் மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். அவற்றுள் ஒன்றைப் பதினாறு வயதில் கைவிட்ட பிள்ளைக்கு அந்த வாயில் எளிதில் திறக்காது. நீட் தேர்வோ என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களை ஒட்டியே அமைகிறது. இந்தியக் கல்லூரிகளில் சேர, சமநிலைச் சான்றிதழும் தேவைப்படும். இவையெல்லாம் தெரிந்து தேர்ந்தெடுத்தால் தவறில்லை. தெரியாமல் சேர்த்துவிட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வருந்துவதே தவறு.

இரண்டாம் கேள்வி: திடீரென்று திரும்ப நேர்ந்தால் என்ன செய்வோம்? வளைகுடாவில் நம் இருப்பு வேலையைப் பொறுத்தது. சவூதி அரேபியாவில் 2017 ஜூலையில், உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கியவர்கள் பலர். அவ்வாறு வரும் பிள்ளை, செப்டம்பரை ஒட்டித் தொடங்கும் கல்வியாண்டிலிருந்து ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக்கு மாற வேண்டும். அங்கே ஆறாம் ஆண்டு என்பது இங்கே ஐந்தாம் வகுப்பு. அத்துடன், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியுள்ளது. எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத பிள்ளை அவ்வகுப்பில் என்ன செய்யும்?

மூன்றாம் கேள்வி: கட்டணம் எங்கிருந்து வரும்? வளைகுடாவின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளைவிடப் பிரிட்டிஷ் பள்ளிகளில் கட்டணம் பொதுவாகப் பன்மடங்கு அதிகம். வகுப்பு உயர உயர அதுவும் உயரும். பக்கத்து வீட்டார் சேர்த்தார்கள் என்பதற்காக வட்டிக் கடன் வாங்கிக் கட்டுவது எவ்வகையிலும் ஏற்கத் தக்கதன்று. ஹராமான வழியில் வந்த பணத்தால் பெறும் கல்வியில் பரக்கத்தை எதிர்பார்க்க இயலுமா? ஊரிலுள்ள பெற்றோரின் மருந்துச் செலவைக் குறைத்துக் கட்டணம் செலுத்துவோரும் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

நான்காம் கேள்வி: பெயர்ப்பலகைக்கு அப்பால் பள்ளி எப்படி இருக்கிறது? 'பிரிட்டிஷ்' என்று பெயரிட்ட பள்ளிகளெல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பிரிட்டன் அரசின் கல்வித்துறை, வெளிநாட்டிலுள்ள பிரிட்டிஷ் பள்ளிகளுக்கென ஓர் ஆய்வுத் திட்டம் வைத்திருக்கிறது. துபாயில் பள்ளிகளை ஆய்வு செய்து அரசு ஆணையம் வெளியிட்ட அறிக்கைகளில், இஸ்லாமியக் கல்விக்கும் அரபு மொழிக்கும் தனித்தனியே மதிப்பீடு உண்டு. சேர்க்கைக்கு முன் அவற்றைத் தேடிப் படியுங்கள்.

இறுதியாக ஒன்று. அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி கட்டாயப் பாடம். "அதனால் தீனைப் பற்றிய கவலை இல்லை" என்று சிலர் கூறக் கேட்கிறேன். வாரத்தில் சில பாடவேளைகள் ஒரு பிள்ளையைத் தொழுகையாளியாக்கிவிடா. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனைத் தாமே அழைத்து உபதேசித்தார்கள் என்பதை அல்லாஹ் குர்ஆனில் எடுத்துக்கூறுகிறான். இணைவைக்காமை, தொழுகை, பொறுமை, பணிவான நடை, தாழ்ந்த குரல் என்று அவர்கள் கற்பித்தவற்றைத் தந்தையும் தாயுமே கற்பிக்க வேண்டும். எந்தப் பாடத்திட்டமானாலும் இப்பொறுப்பு நம்மை விட்டு நீங்காது.

கோடை விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகள் சிலர் எங்கள் மக்தபில் வந்து அமர்கிறார்கள். அறிவில் குறையே இல்லை. ஆனால் அவர்களுள் ஒரு சிறுவனின் பாட்டி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், பேரன் என்னிடம் ஏதோ ஆசையாகச் சொல்கிறான். எனக்குத்தான் புரியவில்லை." அன்று இரவு வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. நம் பகுதியில் வீட்டில் தமிழ் பேசுவோரும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு. எதுவாயினும் அம்மொழியை வீட்டில் பேசுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. உறவைப் பேணுவது நம்மீது கடமை. பேச மொழியே இல்லையெனில் உறவை எப்படிப் பேணுவது?

என் மாணவரிடம் இவற்றையே கூறினேன். "மனைவியுடன் மஷூரா செய்யுங்கள், இருவரும் இஸ்திகாரா தொழுங்கள், பிறகு முடிவெடுங்கள்" என்றேன். இந்தியப் பள்ளியைத் தேர்ந்தாலும் பிரிட்டிஷ் பள்ளியைத் தேர்ந்தாலும், இந்தக் கேள்விகளுக்கு விடை கண்ட பின் தேர்ந்தால் அது அமானிதத்தைப் பேணியதாகும்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், பயனுள்ள கல்வி உடையோராகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.